ஆறாம் பாத்தி மட்டும் சரி

அருவிக்குப் போகிற சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் உலகம்மையின் வைத்தியசாலை. ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம், பின்னால் ஒரு ஏக்கர் மூலிகைத் தோட்டம். வேறு ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இலை பறிக்கப் போகிறவர் முதலில் செடியைத் தொட வேண்டும். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாருக்கு, என்ன நோய்க்கு என்று அதனிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கிள்ளலாம். பெயர் தெரியாத கை பறிக்கக் கூடாது என்பது உலகம்மையின் அப்பா காலத்துச் சட்டம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை.

உலகம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் தெய்வசிகாமணி. அறுபத்தாறு. குருவை விட சீடருக்கு இருபத்துநாலு வயது கூடுதல் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொள்ளாயிரம் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர். ஊரில் யாரும் டைரக்டரியைப் புரட்டியதில்லை, அவரைத்தான் கேட்டார்கள். மனைவி இறந்த பிறகு மகன் ஓசூருக்குக் கூப்பிட்டான். அங்கே ஐந்தாவது மாடி. ஒரு துளசித் தொட்டி வைக்கக்கூட இடமில்லாத வீடு. பதினெட்டு நாள் இருந்து பார்த்துவிட்டு, மூலிகை படிக்கப் போகிறேன் என்று சொல்லி இங்கே வந்தார். வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இருநூறு செடிகளின் பெயரையும் நாலே மாதத்தில் படித்தவர் என்று அவருக்கு இங்கே நல்ல பெயர்.

அந்தப் பெயருக்குத்தான் போன தை மாதம் ஆபத்து வந்தது.

ஒரு காலையில் ஒரு செடியைத் தொட்டுக்கொண்டு நின்றார். பெயர் வரவில்லை. தினமும் பார்க்கிற செடி. பெயர் வருவதற்குப் பதில் இருநூற்று நாற்பத்தேழு என்று ஒரு நம்பர் வந்தது. அது ரைஸ் மில் நம்பர். அந்த மில்லை இடித்தே பத்து வருஷம் ஆகிறது.

அவர் பறிக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி, கூடப் படிக்கிற ஆவுடையை அனுப்பினார். ஆவுடை நல்ல பெண். இலையைப் பறித்துக் கொடுத்ததோடு நிற்காமல், தைலம் காய்ச்சி வந்து, ஒரு குறையும் இல்லாத அவர் முதுகில் அரைமணி நேரம் தேய்த்தாள். அடுத்த வாரம் இன்னொரு செடி. மறுபடியும் முதுகு, மறுபடியும் தைலம். எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

பயம் சும்மா வரவில்லை. போன வருஷம் பரமானந்தம் என்று ஒருவர் இங்கே படித்தார். ஒரு நாள் ஏதோ செடிக்கு வேறு பெயர் சொல்லி இலை பறித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலகம்மை அவரைப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் தெரியும்.

தெய்வசிகாமணி யோசித்தார். மூளையை நம்ப முடியாவிட்டால் எழுதி வைத்துக்கொள்வதுதானே. ஒவ்வொரு செடியின் காலடியிலும் அதன் பெயரை எழுதி நட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்பவர்களிடம், வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் மருந்துப் பெட்டி அட்டைகளை வெட்டி, மூங்கில் குச்சியில் சொருகி எழுதினார். ஒரு மழைக்குக் கூழாகிவிட்டது. பிறகு காலியான பெயின்ட் வாளியைக் கத்தரித்துப் பட்டை பட்டையாக்கி, கடையில் விற்கிற மார்க்கர் பேனாவால் எழுதினார். அழியாது என்று பேனாவின் மேலேயே போட்டிருந்தது. சித்திரை வெயில் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது, ஒரே மாதத்தில் நாற்பது பட்டையும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டன. பெயர் மறந்த மனிதரைச் சுற்றி, பெயர் மறந்த நாற்பது பட்டைகள்.

உலகம்மை அதில் ஒன்றைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"வாரவங்களுக்கும்மா. பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாங்கல்லா."

"போன மாசம் எத்தன பேரு வந்தாங்க?"

"ரெண்டு பேரு."

"அதுல ஒருத்தரு தண்ணி கேட்டு வந்தவரு" என்றாள் உலகம்மை. பட்டையைப் பழையபடி அதே குழியில் ஊன்றிவிட்டுப் போனாள்.

திட்டினாளா, கேலி செய்தாளா, சும்மா சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை. உலகம்மை பேசினால் எப்போதுமே அப்படித்தான். இரண்டு நாள் அதை மனதில் போட்டு உருட்டியும் ஒன்றும் தேறவில்லை.

கடைசியில் வழி காட்டியது அருவிக்கு வருகிற கூட்டம். குளிக்க வருகிறவர்கள் குளிர்பானம் குடித்துவிட்டு வீசுகிற அலுமினிய டப்பாக்கள் கரையெங்கும் கிடந்தன. காலையில் நடக்கப் போகும்போது ஒரு சாக்கில் பொறுக்கி வந்தார். மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் தகட்டைப் பிரித்துச் சாதாரணக் கத்தரிக்கோலாலேயே பட்டையாக வெட்டலாம். நாலாக மடித்த துண்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து தகட்டுக்குள் இறங்கிவிடும். மழையும் கழுவாது, வெயிலும் குடிக்காது. ஓரத்தில் ஒரு துளை போட்டு, கம்பியால் குச்சியில் கட்டினால் வேலை முடிந்தது. ஒரு பைசா செலவில்லை. அவருக்குத் தன் மேலேயே கொஞ்சம் மரியாதை திரும்பி வந்தது.

அதோடு, யாருக்கும் தெரியாமல் இன்னொரு காரியமும் செய்துவந்தார். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வல்லாரைப் பாத்தி இருந்தது. வல்லாரை ஞாபகத்துக்கு நல்லது என்று உலகம்மைதான் பாடத்தில் சொல்லியிருந்தாள். விடிந்ததும் ஒரு பிடி பறித்து வாயில் போட்டுக்கொண்டார். பெயர் சொல்லித்தான் பறித்தார். நோயாளியின் பெயர் சொல்கிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வைகாசி முடிவதற்குள் பாத்தி மொட்டையாகிவிட்டது. முயல் வருகிறதோ என்று ஆவுடை முள்வேலி போட்டாள்.

வேலி போட்ட அன்றைக்கு உலகம்மை அவரிடம் வந்து, எழுதாத தகடு ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

"என்ன செடிக்கும்மா? நானே எழுதித் தாரேன்."

"வேண்டாம். வெறும் தகடு போதும். அந்தப் பேனாவையும் குடுங்க."

பத்து நிமிஷத்தில் பேனா திரும்பி வந்தது. தகடு வரவில்லை. எந்தச் செடியின் காலிலும் அது தென்படவுமில்லை. அவர் தோட்டம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, இதிலும் தனக்குத்தான் ஏதோ பிடிபடவில்லை என்று விட்டுவிட்டார்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. தெற்கு மதிலோரப் பாத்திகள் மட்டும்தான் பாக்கி. மொத்தம் பதினொன்று. நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்த பெயர்களைப் பார்த்துப் பதினொரு தகடுகளில் அழுத்தி எழுதி, ஒரு சாயங்காலம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நட்டு முடித்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் முத்துப்பேச்சி என்ற பெண் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. உலகம்மை நாடியைப் பார்த்துக்கொண்டே, ஆடாதோடை ஏழு இலை வேண்டும் என்று தெய்வசிகாமணியிடம் சொன்னாள். ஆவுடை அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள்.

அவர் தெற்கு மதிலோரம் போனார். கிழக்கிலிருந்து இரண்டாவது பாத்தியில் கால் தானாக நின்றது. ஆளுயரச் செடி, மாவிலை போல நீள இலை. குனிந்து தகட்டைப் படித்தார்.

முடக்கத்தான் என்று இருந்தது.

நிமிர்ந்து செடியைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். வரிசையில் நடந்தபடி ஒவ்வொரு தகடாகப் படித்துக்கொண்டு போனார். பத்தாவது பாத்தியில் ஆடாதோடை என்று எழுதியிருந்தது. அங்கே கம்பிப் பந்தலில் ஒரு மெல்லிய கொடி ஏறிக்கொண்டிருந்தது.

ஆடாதோடை கொடியா?

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார். ஆனால் யார் சொல்வது? நேற்று நல்ல நினைவோடு உட்கார்ந்து எழுதிய தெய்வசிகாமணி கொடி என்கிறார். இன்றைக்கு நிற்கிற தெய்வசிகாமணி செடி என்கிறார். இரண்டு பேரில் யாரை நம்புவது? தன்னை நம்ப முடியாமல்தான் தகடே செய்தது. இப்போது தகடு ஒன்று சொல்ல, கால் ஒன்று சொல்ல, அவர் நடுவில் தூறலில் நனைந்துகொண்டு நின்றார். ஐந்து வருஷம் பார்த்த தோட்டம் யாரோ வேற்று மனிதரின் தோட்டம் மாதிரி தெரிந்தது. இருநூற்று நாற்பத்தேழு, ரைஸ் மில், என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.

கட்டடத்திலிருந்து இருமல் கேட்டது.

அவர் இரண்டாவது பாத்திக்கே திரும்பி வந்தார். செடியைத் தொட்டார். சட்டப்படி பெயர் சொல்ல வேண்டும். எந்தப் பெயரை? தகட்டில் இருந்ததையே படித்தார். "முடக்கத்தானே, முத்துப்பேச்சிக்கு இருமல். ஏழு இலை கொடு."

ஏழு இலையோடு அடுப்படிக்கு வந்து ஆவுடையின் கையில் கொடுத்தார். அவள் கழுவி, கிள்ளி, பாத்திரத்துக்கு மேல் கையைக் கொண்டுபோனாள். அது வரைக்கும்தான் அவரால் பொறுக்க முடிந்தது.

"போடாத" என்றார்.

ஆவுடை கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"போடாத தாயி. அது என்ன இலைன்னு எனக்குத் தெரியல."

முத்துப்பேச்சியின் இருமல்கூட ஒரு நிமிஷம் நின்றதுபோல இருந்தது. உலகம்மை நாடியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். ஒரு துண்டு இலையைக் கசக்கி மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். முகம் சுளித்தது. ஆவுடையிடம் போடச் சொன்னாள்.

"ஆடாதோடைதான்."

அவருக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் குழம்பிப்போனார். அப்படியானால் தகடு?

கஷாயம் இறங்கி, முத்துப்பேச்சி குடித்து, சுக்கு மணக்க ஒரு ஓரமாகச் சாய்ந்த பிறகு, உலகம்மை அவரைக் கூட்டிக்கொண்டு தெற்கு மதிலுக்குப் போனாள். தூறல் விட்டிருந்தது. அவள் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு தடவை நடந்தாள். மேற்கிலிருந்து கிழக்கே ஒரு தடவை நடந்தாள். பிறகு நடுவில் இருந்த நிலவேம்புப் பாத்திக்கு முன்னால் நின்று, கொஞ்சம் சிரித்தாள்.

"இது ஒண்ணு சரியா இருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நோட்டில் கிழக்கிலிருந்து எழுதியிருந்தார். நடும்போது மேற்கிலிருந்து தொடங்கியிருந்தார். முதல் செடியின் பெயர் கடைசிச் செடிக்கும், கடைசிச் செடியின் பெயர் முதல் செடிக்கும் போய்விட்டது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடு நடுதான் என்பதால் ஆறாம் பாத்தி மட்டும் தப்பித்தது. மையில் எழுதியிருந்தாலாவது ஒரு மாதத்தில் அழிந்திருக்கும். இது அழியாத தப்பு.

அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு துவைகல் கிடந்தது. தினமும் தகடு எழுத அவர் உட்காருகிற கல். அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தை மாதத்திலிருந்து பெயர்கள் போவதைச் சொன்னார். முதுகு வலி பொய் என்றார். வருகிறவர்களுக்குத் தகடு என்றது பொய் என்றார். வல்லாரையைத் தின்றது முயல் இல்லை என்றார். சொல்லச் சொல்ல மார்பில் இருந்த கனம் குறைந்தது, அவமானம் ஏறியது. உலகம்மை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு களையைப் பிடுங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பையை எடுத்துக்கிடுதேம்மா. மகனுக்கு ஒரு போன் பண்ணிட்டாப் போதும்."

"எதுக்கு?"

"பேர் தெரியாத கை பறிக்கக் கூடாதுல்லா."

"பறிக்காதிய."

அவர் விழித்தார்.

"பரமானந்தத்த அனுப்பினிய."

"அவரு தெரியாம நின்னாரு. அதுக்கு அனுப்பல. வாயில வந்த பேரச் சொல்லிப் பறிச்சு, அடுப்பு வரைக்கும் கொண்டாந்து, போடுத வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு."

"நானும் தகட்டுல கண்ட பேரத்தானே சொன்னேன்."

"சொன்னிய. பெறவு அடுப்ப நிப்பாட்டினிய."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டா, குற்றச்சாட்டா என்று இதுவும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை மறைக்கவும் இன்றைக்குத் தெம்பில்லை.

"பறிக்காம இங்க இருந்து நான் என்னம்மா செய்ய?"

"தண்ணி ஊத்துங்க. அதுக்குப் பேரு வேண்டாம்."

அடுப்படிப் பக்கம் ஆவுடை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி யாரிடமோ பேசினாள், இருமாமல் நீளமாகப் பேசினாள்.

உலகம்மை எழுந்து கட்டடத்துக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு குச்சி இருந்தது. குச்சியின் தலையில் ஒரு தகடு கம்பியால் கட்டியிருந்தது. அவர் வெட்டிக் கொடுத்த தகடுதான், ஓரத்தில் குளிர்பானத்தின் பச்சைக் கோடு இன்னும் தெரிந்தது. அவள் கையெழுத்து அவருடையதைப் போல நேராக இல்லை. ஒரு எழுத்து மேலும் ஒரு எழுத்து கீழுமாக, நன்றாக அழுத்தி எழுதியிருந்தாள்.

தெய்வசிகாமணி.

துவைகல்லை ஒட்டி ஈர மண்ணில் அதை ஊன்றினாள். ஆட்டிப் பார்த்துவிட்டு, குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

அவர் தன் பெயரைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இத எப்பம்மா எழுதினிய?"

"வல்லாரைப் பாத்தி மொட்டையான அன்னைக்கு."

இவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஆடாதோடைக்குத் தன்னையே அனுப்பியிருக்கிறாள். ஏன் என்று கேட்க நினைத்தார். அதை விடப் பெரிய கேள்வி ஒன்று தை மாதத்திலிருந்து உள்ளே கிடந்தது. அதை இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு கேட்க நினைவிருக்குமா என்று பயமாக இருந்தது.

"இன்னைக்குச் செடி பேரு மறந்து போச்சு. நாளைக்கு உங்க பேரு மறந்து போவும். ஒரு நாள் இந்தத் தகட்ட நான் படிப்பேன், அது யாருன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு என்னம்மா செய்ய?"

உலகம்மை கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பதினொரு பாத்திகளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இந்தத் தோட்டத்துல எந்தச் செடிக்கும் தன் பேரு தெரியாது அண்ணாச்சி. அதுக்காக ஒண்ணையாவது பிடுங்கிப் போட்டிருக்கமா?"